செக்ரோலில் இல்லாத செலவு

(யட்டவத்தையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் கணக்கு எழுதாத நாள் என்று ஒன்று கிடையாது. கோப்பி இருந்த காலத்திலும் எழுதினார்கள், தேயிலையும் றப்பரும் கொக்கோவும் வந்தபோதும் எழுதினார்கள். காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் எத்தனை பேர், எந்த மலைக்கு எத்தனை பேர், மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எத்தனை கிலோ, எல்லாம் செக்ரோல் புத்தகத்தில் ஏறுகிறது. ஆகவே ஒரு கிலோ கொழுந்து பறிக்க எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் தோட்டத்து அலுவலகம் உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிடும். அந்த எண்ணில் பிழையும் இருக்காது. ஆனால் அது சம்பளம் கொடுப்பதற்கும் கொழும்புக்கு அறிக்கை அனுப்புவதற்கும் எடுக்கப்பட்ட எண். கொழுந்து வெட்டும் கத்தரி வாங்கலாமா, பறிக்கும் இயந்திரம் வாங்கலாமா, இலத்திரனியல் தராசு வைக்கலாமா என்ற முடிவை அதன்மேல் நிறுத்தினால் அது தாங்காது. அந்த முடிவுக்கு வேறு இரண்டு எண்கள் வேண்டும். இந்த வேலை இன்று நடக்கிற விதத்தில், நடக்கிற இடத்தில், உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பது ஒன்று. இயந்திரம் வந்தபிறகு அந்தச் செலவில் எவ்வளவு நிஜமாகவே இல்லாமல் போகும் என்பது மற்றது. இரண்டாவது எண் எப்போதும் முதலாவதைவிடச் சிறியது. பல இடங்களில் மிகச் சிறியது. இயந்திரத்தின் விலையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அது விலைப்பட்டியலில் அச்சாகி வருவதால் அதைக் கண்டுபிடிப்பதில் கஷ்டமில்லை. கஷ்டமான பகுதி நம் பக்கத்துக் கணக்கு.

தெரிந்த எண்களிலிருந்து தொடங்குவோம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் அடிப்படைச் சம்பளமாக 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கவும், மேலே 200 ரூபாவை அரசாங்கமே வருகைக் கொடுப்பனவாகத் தரவும் முன்மொழிந்தது. கணக்கின் போக்கைக் காட்டுவதற்கு 1,350ஐ எடுத்துக்கொள்கிறேன். சம்பளம் கூடினால் விகிதம் மாறாது, எண் மட்டும் பெருகும். தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நூற்றுக்கு 3 செலுத்துகிறார். ஆக 1,552 ரூபா 50 சதம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வேலைசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம் சேர்கிறது. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளுக்கு 63 ரூபா. இந்த 63 ரூபா இன்று கையை விட்டுப் போவதில்லை, ஆள் விலகும்போதுதான் போகும். அதனாலேயே பல மதிப்பீடுகளில் இதைக் காணக் கிடைப்பதில்லை. எல்லாம் சேர ஒரு பேருக்கு ஏறக்குறைய 1,615 ரூபா. அந்த ஒருவர் நாளைக்கு 18 கிலோ பறித்தால் கிலோவுக்குச் சுமார் 90 ரூபா ஆகிறது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குச் சுமார் 4.6 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதால், தூள் ஒரு கிலோவில் பறிக்கும் கூலி மட்டுமே 414 ரூபா. இந்த எண்ணைப் பார்க்கும் எந்த முகாமையாளருக்கும் கத்தரி வாங்கும் ஆசை வரும்; வராவிட்டால்தான் ஆச்சரியம்.

கத்தரியால் ஒருவர் 36 கிலோ எடுப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 45 ரூபா. பாதிச் செலவு மிச்சம் என்று காகிதம் சொல்லும். ஆனால் 18 கிலோ என்பது தோட்டத்தின் சராசரி. சராசரி எந்த மலையிலும் விளைவதில்லை. கவ்வாத்து முடிந்து இரண்டாம் ஆண்டில் இருக்கும், சரிவு குறைந்த, நெருக்கமாக வளர்ந்த மலையில் அதே கை 24 கிலோ எடுக்கும்; அங்கே கிலோவுக்கு 67 ரூபாதான். கல்லும் சரிவும் இடைவெளியுமாகக் கிடக்கும் பழைய மலையில் 14 கிலோ வருவதே பாடு. அங்கே 115 ரூபா. கத்தரியோ இயந்திரமோ எங்கே நன்றாக வேலை செய்யும்? மேசைபோல மட்டமாக வெட்டிய, நடக்க இடமுள்ள, சரிவு குறைந்த மலையில். அதாவது கைப்பறிப்பு ஏற்கெனவே மலிவாக இருக்கும் இடத்தில். செலவு மிகுந்த மலைக்குள் இயந்திரம் ஏறாது. ஆகவே மிச்சத்தை 90இலிருந்து 45ஐக் கழித்துக் காண்பது தவறு. 67இலிருந்து 45ஐக் கழிக்க வேண்டும். சதங்களையும் சேர்த்தால் மிச்சம் 22 ரூபா 44 சதம். தூள் கணக்கில் கிலோவுக்கு 103 ரூபா. ஒரு சொல்லும் மாறாமல், ஒரு எண்ணும் பொய்யாகாமல், மிச்சம் பாதியாகிவிட்டது. சராசரியை எடுத்தது மட்டுமே காரணம். இயந்திர வியாபாரிகள் ஏமாற்றுகிறார்கள் என்று சிலர் குறைசொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களிடம் நாம் கொடுப்பதே தோட்டத்துச் சராசரியைத்தான்.

இந்த 103 ரூபாவும் கைக்கு வருமா என்பது அடுத்த கேள்வி. கொழுந்து எடுக்கும் பெண் செய்வது பறிப்பு மட்டும் என்று செக்ரோல் நினைக்கிறது. அவருடைய விரல்கள் ஒவ்வொரு நொடியும் தெரிவு செய்கின்றன: இரண்டு இலையும் ஒரு மொட்டும் வரட்டும், முற்றியது வேண்டாம், இது அடுத்த சுற்றுக்கு நிற்கட்டும். தொழிற்சாலையில் பிறகு செய்யவேண்டிய தரம்பிரிக்கும் வேலையில் ஒரு பகுதி இப்படி மலையிலேயே, தனிக் கூலி இல்லாமல், நடந்துவிடுகிறது. கத்தரி எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வெட்டும். காம்பும் முற்றிய இலையும் கூடையில் ஏறும். இந்தத் தெரிவின் பெறுமதி எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு வேறு. கென்யாவில் பெரும்பாலும் இலையை நறுக்கிச் சுருட்டும் சீரீசீ முறைத் தேயிலை. தேநீர்ப் பையில் போகும் சரக்கு. இலங்கையில் பெரும்பாலும் ஓர்தொடொக்ஸ் முறை; இலையின் வடிவமும் மொட்டும் கண்ணுக்குத் தெரிந்தே விலை பேசப்படும். கென்யாவில் கொழுந்து கொஞ்சம் முற்றிவந்தாலும் பொறுத்துக்கொள்கிற விலை இங்கே பொறுக்காது. 2022க்குப் பிறகு கொழும்பு ஏலத்தில் சராசரி விலை கிலோ 1,000 ரூபாவுக்கு மேல்; ஒரே வார ஏலத்தில் ஒரே தரப்பெயருள்ள இரண்டு தோட்டத்துச் சரக்குகளுக்கிடையே 100 ரூபா வித்தியாசம் சாதாரணம். அந்த 100 ரூபா தவறிப்போனால் நாம் கண்டுபிடித்த 103 ரூபாவில் மீதி மூன்று. கத்தரியின் விலை, அதைத் தீட்டும் கூலி, பழகும் வரை வீணாகும் கொழுந்து எல்லாம் அந்த மூன்று ரூபாவுக்குள் அடங்க வேண்டும். அதே கத்தரி கென்யாவில் லாபம், இங்கே நட்டம் என்பது அதனால் முடியக்கூடியதே. வெளிநாட்டில் வென்றது என்ற சாட்சியம் நம் கணக்குக்கு உதவாது.

இன்னொரு வரி இருக்கிறது. தோட்டக் கணக்கில் பொதுச் செலவு என்று ஒன்று உண்டு: லயம் திருத்துவது, பிள்ளைக் காம்பரா, மருந்துச்சாலை, பாதை, உத்தியோகத்தர் சம்பளம். உற்பத்திச் செலவு கணிக்கும்போது இவற்றைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பறிப்பின்மேலும் ஏற்றுகிறார்கள். பத்துப் பேருக்குப் பதில் ஐந்து பேர் போதும் என்று இயந்திரம் சொன்னால், மதிப்பீட்டில் ஐந்து பேரின் கூலியோடு ஐந்து பேர்மேல் ஏற்றிய பொதுச் செலவும் மிச்சமாகக் காட்டப்படும். ஆனால் லயம் அங்கேயே நிற்கும். அதன் கூரைக்குத் தகரம் வேண்டும். பாதை அதே நீளம்தான். அந்தப் பணம் எங்கும் போகவில்லை, எஞ்சியவர்களின் தலையில் மாறி ஏறியது, அவ்வளவே. அடுத்த ஆண்டு கைப்பறிப்பின் உற்பத்திச் செலவு கூடியதாகக் கணக்கு காட்டும். அதைக் காரணம் காட்டி இரண்டாவது இயந்திரத்தை வாங்கலாம்! இந்தச் சுழலில் விழுந்தவர்கள் தோட்டக்காரர்கள் மட்டும் அல்ல. 1980களில் ஜெனரல் மோட்டர்ஸ் கார்க் கம்பனி ரோபோக்களில் பல பில்லியன் டொலரைக் கொட்டியது. அதே கம்பனி 1984இல் டொயோட்டாவோடு சேர்ந்து கலிபோர்னியாவின் ஃபிரீமொன்டில் மூடிக் கிடந்த தன் பழைய தொழிற்சாலையைத் திறந்தபோது, பழைய ஆட்களை வைத்து, குறைந்த இயந்திரத்தோடு, அதன் மற்றத் தொழிற்சாலைகளைவிட நல்ல காரும் நல்ல விளைதிறனும் கிடைத்தன. வேலை நடக்கும் முறையை டொயோட்டா ஆட்கள் முதலில் ஒழுங்குபடுத்தினார்கள். எதை இயந்திரத்திடம் கொடுப்பது என்ற கேள்வி அவர்களுக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

அப்படியானால் எப்படிக் கணிப்பது? வேலையை அதன் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் நேரமும் கூலியும் தனித்தனியாக எழுதுவது பழைய வழி. கணிப்பொறியின் முன்னோடி என்று நாம் அறிந்த சார்ள்ஸ் பாபேஜ் 1832இல் வெளியிட்ட நூலில் குண்டூசித் தொழிலை இப்படித்தான் பிரித்தார். கம்பி இழுப்பது, நிமிர்த்துவது, முனை தீட்டுவது, கொண்டை பொருத்துவது, வெள்ளீயம் பூசுவது, தாளில் குத்தி அடுக்குவது என்று ஒவ்வொன்றின் செலவையும் பட்டியலிட்டபோது, கொண்டை பொருத்துவதற்கு அடுத்தபடி மிகுந்த செலவு, தொழில் என்றே யாரும் மதிக்காத தாளில் குத்தும் வேலைக்குத்தான் என்று தெரிந்தது. நம் பறிப்பையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். பிரட்டிலிருந்து மலைக்கு நடப்பது, பறிப்பது, கூடையை நிறுவைக்குச் சுமப்பது, வரிசையில் நிற்பது, நிறுப்பது, கங்காணி துண்டில் எழுதுவது, அதைப் புத்தகத்தில் ஏற்றுவது, அதிலிருந்து சம்பளப் பட்டியலுக்கு ஏற்றுவது. இதில் வரிசையில் நிற்கும் நேரம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஒரு மலையில் 40 பேர், காலை பகல் மாலை என்று மூன்று நிறுவை, ஒவ்வொன்றிலும் 20 நிமிடம் நின்றால் நாளுக்கு 40 மணி நேரம். எட்டு மணி நேர வேலையில் அது ஐந்து பேரின் முழு நாள். நாம் கண்ட கணக்கில் 8,000 ரூபாவுக்கு மேல். இலத்திரனியல் தராசு வாங்கும் யோசனையைத் தோட்டங்கள் எழுதும்போது கணக்கப்பிள்ளையின் எழுத்து வேலை எவ்வளவு குறையும் என்றுதான் எழுதுகின்றன. அது சிறிய தொகை. பெரிய தொகை வரிசையில் நிற்கிறது. அது கண்ணில் படாததற்குக் காரணம், அதை இன்று சுமப்பவர் தோட்டம் இல்லை, தொழிலாளி: கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம், விழுவது அவருக்கு, மேலதிக கிலோக் காசு தவறுவதும் அவருக்கே. கூடைக்கென்று நிறுவையில் கழிக்கும் எடை பற்றிய நெடுநாள் சண்டையும் இதே இடத்தில்தான் கிடக்கிறது. தராசின் எண் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தால் அந்தச் சண்டையின் செலவும் குறையும், அதற்குத் தொகை போட என்னால் முடியாவிட்டாலும்.

இங்கேயும் இரண்டாவது எண்ணை மறக்கக் கூடாது. வரிசையில் மிச்சமான ஐந்து பேரின் நாள், செடியில் கொழுந்து இருக்கும் மாதத்தில்தான் கிலோவாக மாறும். வறட்சி மாதத்தில் மலையில் எடுக்க ஒன்றும் இல்லாதபோது, நிற்காத நேரம் சும்மா உட்காரும் நேரமாகும். ஆகவே தராசு தரும் மிச்சத்தை 300 நாளால் பெருக்கினால் அது கனவுக் கணக்கு. கொழுந்து கொட்டும் நாட்கள் எத்தனையோ அத்தனையால்தான் பெருக்க வேண்டும்.

இனி எதிர்ப்புகள். இவ்வளவு நுணுக்கமான ஆய்வுக்குப் பெரிய கம்பனியால் ஆள் வைக்க முடியும், இரண்டு ஏக்கர்க்காரர் என்ன செய்வார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1980களில் கணக்கியல் பேராசிரியர்களான ரொபர்ட் கப்லனும் ரொபின் கூப்பரும், செலவை ஒவ்வொரு வேலைக்கும் பிரித்தெழுதும் செயல்வாரிச் செலவுக் கணக்கை வளர்த்தார்கள்; பிறகு பெரிய கம்பனிகள் பலவே அதன் பாரம் தாங்காமல் அதைக் கைவிட்டன. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறாய் என்று கேட்டால், எல்லோருடைய பதிலும் கூட்டிப்பார்க்க நூறு சதவீதம் வரும், சும்மா இருந்த நேரம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார். 2004இல் கப்லனும் ஸ்டீவன் அன்டர்சனும் அதைச் சுருக்கினார்கள். ஒரு நிமிடத்தின் விலை என்ன, இந்த வேலைக்கு எத்தனை நிமிடம்: இந்த இரண்டும் போதும் என்றார்கள். நிமிட விலையைக் காணும்போது முழு நாளையும் எடுக்காமல் அதில் எண்பது, எண்பத்தைந்து சதவீதத்தை எடுக்கச் சொன்னார்கள், ஏனென்றால் மனிதர் தண்ணீர் குடிப்பார்கள். இதற்கு ஒரு கைக்கடிகாரமும் ஒரு கொப்பியும் போதும். யட்டவத்தையில் மிளகு போட்டவர் உதிர்க்கும் இயந்திரம் வாங்குவதா என்று யோசிக்கும்போது இதையே செய்யலாம். மிதித்து உதிர்க்க ஒரு மூட்டைக்கு எத்தனை நிமிடம் என்பதை ஒரு நாளில் அளந்துவிடலாம். அந்த நிமிடத்தின் விலைதான் யோசிக்க வேண்டியது. வீட்டு ஆட்கள் மிதிப்பதால் செலவில்லை என்பவர் இயந்திரத்தை ஒருபோதும் வாங்கமாட்டார். அவர்கள் நேரத்துக்கு நகரத்துக் கூலியைப் போடுபவர் நாளைக்கே வாங்குவார். இருவரும் பிழை. அறுவடை சில வாரங்கள். அந்த வாரங்களில் அதே ஆட்கள் கொடியில் ஏறிப் பறிக்க வேண்டியிருந்து, ஆளில்லாமல் மிளகு உதிர்ந்து போகிறதென்றால் அவர்கள் நிமிடத்தின் விலை, உதிர்ந்த மிளகின் விலை. மற்ற மாதங்களில் அது அநேகமாகச் சுழியம். ஆண்டில் சில வாரம் ஓடும் ஒன்றை ஒவ்வொரு வீடும் வாங்குவதைவிட நான்கு தோட்டம் சேர்ந்து வாடகைக்கு எடுக்கலாம் என்ற எண்ணமும் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது.

இதைவிடப் பலமான எதிர்ப்பு ஒன்று உண்டு. ஆளே இல்லை, பிறகு கைப்பறிப்புக்கு என்ன செலவு என்று கணக்குப் பார்த்து என்ன பயன் என்பது அது. 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளிடம் போனபோது இருந்த தொழிலாளர் தொகை இன்று பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பிள்ளைகள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். போகட்டும், போவது அவர்கள் உரிமை. இந்த எதிர்ப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் அது கணக்கைத் தேவையற்றதாக்கவில்லை, வேறு கணக்கைக் கேட்கிறது. ஏழு நாளில் திரும்பவேண்டிய சுற்று பத்து, பன்னிரண்டு நாளுக்குத் தள்ளிப்போகிறதென்றால், இயந்திரத்தை ஒப்பிடவேண்டியது 67 ரூபாக் கூலியோடு அல்ல, முற்றிப் போன கொழுந்தோடு. அங்கே கத்தரி எடுக்கும் தரம் குறைந்த கொழுந்தும் லாபமே, ஏனென்றால் அதற்கு மாற்று நல்ல கொழுந்து இல்லை, ஒடித்து வீசும் முற்றல். தென்னிந்தியாவில் ஆனைமலையிலும் நீலகிரியிலும் கொழுந்து கொட்டும் மாதங்களில் கத்தரியும் மற்ற மாதங்களில் கையும் என்று மாற்றி மாற்றிச் செய்யும் வழக்கம் இப்படி வந்ததே. ஒரே தோட்டத்தில் ஒரு மலைக்கு ஆம், அடுத்த மலைக்கு இல்லை, ஜூனில் ஆம், பெப்ரவரியில் இல்லை என்று பதில் வருவது கணிப்பின் குறையாகாது. அதுதான் கணிப்பு.

சில நேரம் கணக்குப் பார்க்க அவகாசமே இருக்காது என்றும் சொல்வார்கள். 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் கூவி விற்பதாகவே 130 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. மின்னணு முறைக்கு மாற வேண்டும் என்ற பேச்சு நெடுநாள் இழுபட்டது. கொரோனா முடக்கம் வந்த சில வாரங்களில், 2020 ஏப்ரலில், மாறிவிட்டது. உண்மைதான், ஆனால் எது மாறியது என்று பாருங்கள். விலை கூறும் படி மட்டும் திரைக்குப் போனது. மாதிரி அனுப்புவதும், நாவில் வைத்துச் சுவைத்து மதிப்பிடுவதும் மனிதரிடமே நிற்கின்றன. மண்டபத்தில் உட்கார்ந்திருந்த நேரமும் போய்வரும் செலவும் கழிந்தன. தேயிலையை அறியும் செலவு கழியவில்லை. எந்தப் படி கழியும், எந்தப் படி கழியாது என்று அந்தத் தொழிலில் உள்ளவர்கள் வருடக்கணக்காக வாதாடியிருந்ததால்தான் அவசரத்தில் சரியான படியைப் பிடிக்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

மனிதரைச் செலவு வரியாக எழுதுவதே அநியாயம் என்ற எதிர்ப்பு மேடைகளில் அதிகம் ஒலிக்கிறது. எனக்கு இதில் பாதி உடன்பாடு. கணக்கில் எழுதாமல் விடுவதால் யாருக்கும் நியாயம் கிடைத்ததில்லை. வரிசையில் நின்ற 40 மணி நேரம் எழுதப்படாததால் நட்டப்பட்டவர் தொழிலாளி. அதேவேளை, கம்பனியின் புத்தகத்துக்கு வெளியே போய் விழும் செலவும் செலவே. கென்யாவின் கெரிச்சோவில் 2023 மே மாதம், வேலை போகும் கோபத்தில் தேயிலை பறிக்கும் இயந்திரங்களை எரித்தார்கள். அந்த இயந்திரங்களின் மதிப்பீட்டில் எரிபொருள், தேய்மானம், உதிரிப்பாகம் எல்லாம் இருந்திருக்கும். ஒரு ஊரின் வருமானம் ஒரே பருவத்தில் அறுபடுவதற்கு எந்த மதிப்பீட்டிலும் வரி போடுவதில்லை. நம் தோட்டங்களில் இந்தச் செலவு நெருப்பாக வராமல் போகலாம். பறிக்கத் தெரிந்த கைகள் கலைந்து போவதாக வரும். பிறகு சரிவான மலைக்கு, இயந்திரம் ஏறாத அந்த 14 கிலோ மலைக்கு, எந்தச் சம்பளம் கொடுத்தும் ஆள் கிடைக்காது. அந்த மலையைக் கைவிடும் நட்டத்தைக் கத்தரியின் கணக்கில் எழுதவேண்டியது தோட்டத்தின் பொறுப்பு.

எனவே கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. இயந்திரத்தை வாங்காதீர்கள், முதலில் வாடகைக்கு எடுங்கள். சரிவு குறைந்தது, நடுத்தரம், செங்குத்து என்று மூன்று மலைகளில், கொழுந்து கொட்டும் ஒரு மாதமும் வறண்ட ஒரு மாதமும் ஓட்டுங்கள். நேரத்தை அளப்பவர் அலுவலகத்து ஆளாக மட்டும் இருக்க வேண்டாம், பறிக்கும் பெண்களில் இருவரையும் கடிகாரத்தோடு உட்காரவையுங்கள்; எந்த நேரம் எங்கே போகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கைக்கொழுந்தையும் கத்தரிக் கொழுந்தையும் தொழிற்சாலையில் கலக்காமல் தனித்தனியாக வாட்டி, தனித்தனி இன்வொய்ஸாக ஏலத்துக்கு அனுப்புங்கள். தர வித்தியாசம் எத்தனை ரூபா என்பதை வாங்குபவர்கள் அந்த ஏலத்திலேயே சொல்லிவிடுவார்கள்.